வார நாள்களின் வணிகம்: லாஸ் வேகாஸ் நகர மாநாட்டுத் துறை குறித்த ஒரு விளக்கம்

விருந்தோம்பல் தொழிலில் வணிகக் கூட்டங்களும் மாநாடுகளும் தனியொரு பிரிவாகக் கொள்ளப்படுகின்றன. அரங்கை வாடகைக்கு விட்டு ஈட்டும் வருவாயே இப்பிரிவின் அடிப்படை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இத்தொழிலின் வரலாற்றை நோக்கினால், இங்கு விற்கப்படும் முதன்மைப் பொருள் வார நாள்களின் விடுதி அறையே என்பது புலப்படும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் இதற்குத் தக்க சான்றாகும்.

விடுதி அறை என்பது இருப்பு வைக்க இயலாத பண்டம். இன்றிரவு விலைபோகாத அறையின் வருவாய் இழந்தது இழந்ததே. ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் திருமண மண்டபத்தின் நிலையை இதனோடு ஒப்பிடலாம். லாஸ் வேகாஸுக்கோ இந்த ஆடி வாரந்தோறும் வந்தது. சூதாட்டத்தையும் கேளிக்கையையும் நாடி வந்தோரில் பெரும்பாலோர் வெள்ளியன்று வந்து ஞாயிறன்று திரும்பினர். இடைப்பட்ட நாள்களில் அறைகள் வெறுமையாயின. இக்குறையைப் போக்கும் நோக்கிலேயே 1959ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்குப் பொது மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. அதற்கான நிதிக்கு அடித்தளமாக அமைந்தது விடுதி அறைகள்மீது விதிக்கப்பட்ட வரி. வரியைச் செலுத்தியவர் வெளியூர் விருந்தினர். பயனடைந்தவர் விடுதி உரிமையாளர்.

மாநாட்டு விருந்தினர் ஏன் விரும்பத்தக்கவர் என்பதும் நோக்கத்தக்கது. அவர் வேலைநாளில் வருகிறார். அறைக் கட்டணத்தைப் பெரும்பாலும் அவருடைய நிறுவனமே ஏற்கிறது. பெருமாநாடுகளின் ஏற்பாட்டாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பிட்ட எண்ணிக்கையில் அறைகளை ஒதுக்கிவைக்க விடுதியோடு ஒப்பந்தம் செய்கிறார். ஒப்பிய அளவுக்கு ஆள் வராவிடில் ஏற்பாட்டாளரே இழப்பீடு தர வேண்டும் என்னும் விதியும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும். காலி அறையின் இடர் இவ்வாறு விடுதியிடமிருந்து கைமாறுகிறது.

இக்கணக்கை நன்கு உணர்ந்தவர் ஷெல்டன் அடெல்சன். அவரும் கூட்டாளிகளும் 1979இல் காம்டெக்ஸ் என்னும் கணினி வணிகக் கண்காட்சியை லாஸ் வேகாஸில் தொடங்கினர். கணினி வணிகர் சூதாட்ட மேசைப் பக்கம் அதிகம் வருவதில்லை எனக் கேசினோ நடத்துவோர் குறைபட்டதுண்டு. அடெல்சன் அவர்களது அறை வாடகையைப் பார்த்தார். சாண்ட்ஸ் விடுதியை விலைக்கு வாங்கி, 1990இல் அதை ஒட்டித் தனியார் கண்காட்சி மையம் அமைத்தார். 1996இல் பழைய விடுதியைத் தகர்த்துவிட்டு, 1999இல் வெனிஷியன் விடுதியைத் திறந்தார். 2006இல் சிங்கப்பூர் அரசு மெரினா பே வளாகத்தை அவரது நிறுவனத்திற்கு வழங்கியதிலும் மாநாட்டு வசதிகளுக்கான திட்டம் முக்கிய இடம் பெற்றது. அவ்வளாகம் 2010இல் திறக்கப்பட்டது.

இவ்வெற்றியைக் கண்டு அமெரிக்க நகரங்கள் பலவும் பொதுப்பணத்தில் அரங்குகளை விரிவுபடுத்தின. ஆலோசனை நிறுவனங்கள் முன்னுரைத்த வருகையும் அறை விற்பனையும் பல நகரங்களில் மெய்ப்படவில்லை என்பதை ஹேவுட் சாண்டர்ஸ் 2014இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டுகிறார். அரங்கின் பரப்பு மட்டுமே நகலெடுக்கப்பட்டது என்பதே இதற்கு முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. லாஸ் வேகாஸில் அறைகள் முன்பே இருந்தன. அவற்றை நிரப்ப அரங்கு வந்தது. பால்டிமோர் நகரில் இவ்வரிசை தலைகீழாயிற்று. அங்கு மாநாட்டு மையத்திற்குக் கூட்டம் போதாத நிலையில், பக்கத்தில் பெரிய விடுதி இல்லாததே குறை எனக் கருதி, நகர நிருவாகம் கடன் பத்திரங்கள்வழி நிதி திரட்டித் தானே ஒரு ஹில்டன் விடுதியைக் கட்டியது. 2008இல் திறக்கப்பட்ட அவ்விடுதி தொடக்க ஆண்டுகளில் இழப்பையே கண்டது.