'தேச பாதுகாப்பு' என்றால் நாடாளுமன்றமும் கேட்கக் கூடாதா?

"இது தேச பாதுகாப்பு தொடர்பானது, விவரம் சொல்ல இயலாது." ஒரு தொலைக்காட்சி நிறுத்தப்படும்போதும், செல்போன்கள் வேவு பார்க்கப்பட்டதாகச் செய்தி வரும்போதும் அரசிடமிருந்து வரும் பதில் இதுதான். நம்மிடம் சொல்ல வேண்டாம், சரி. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி.க்களிடமாவது சொல்ல வேண்டாமா?

ரகசியமே கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா நோக்கிப் புறப்படும் திட்டத்தை நபி (ஸல்) அவர்கள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் மக்காவாசிகளுக்கு அதைத் தெரிவித்து அனுப்பிய கடிதம் வழியில் பிடிபட்டது. அந்த நிலையிலும் நபியவர்கள் அவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். அவர் சொன்ன காரணத்தை உண்மையென ஏற்றார்கள். ரகசியம் காக்கப்பட வேண்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி விசாரணையே இல்லாமல் செய்துவிடக் கூடாது. இந்தச் சம்பவம் நமக்குத் தரும் பாடம் இது.

குழுக்களின் அதிகாரம் எவ்வளவு?

நாடாளுமன்றத்தில் துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் இதில் உண்டு. அதிகாரிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் இவற்றுக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆனால் மக்களவை நடைமுறை விதி 270இல் ஒரு விலக்கு உள்ளது. ஓர் ஆவணத்தைத் தருவது நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று கருதினால் அரசு அதைத் தர மறுக்கலாம். கேடா இல்லையா என்று முடிவு செய்வதும் அதே அரசுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலைக்குழுக் கூட்டங்கள் மூடிய அறையில்தான் நடக்கின்றன. பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. அங்கே சொல்லப்படுவதை உறுப்பினர்கள் வெளியிடவும் கூடாது. அப்படியிருக்க, "வெளியே தெரிந்துவிடும்" என்ற வாதம் அங்கே எப்படிப் பொருந்தும்?

பெகாசஸில் நடந்தது

2021 ஜூலையில் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் வெடித்தது. சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு ஜூலை 28 அன்று கூடியது. அழைக்கப்பட்டிருந்த அமைச்சக அதிகாரிகள் வரவில்லை. பா.ஜ.க. உறுப்பினர்கள் வந்திருந்தும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட மறுத்தனர். கோரம் இல்லாததால் விசாரணை நடக்கவில்லை.

பிறகு உச்ச நீதிமன்றம் அக்டோபர் 27 அன்று தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அதை மேற்பார்வையிட்டார். ஆய்வு செய்த 29 போன்களில் 5இல் தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை என 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு கூறியதையும் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா குறிப்பிட்டார்.

மீடியா ஒன் காட்டிய வழி

2022 ஜனவரி 31 அன்று மலையாள சேனல் மீடியா ஒன் நிறுத்தப்பட்டது. உள்துறை பாதுகாப்பு அனுமதி தர மறுத்ததே காரணம். ஏன் மறுத்தது என்பது சேனலுக்குச் சொல்லப்படவில்லை. சீலிட்ட உறையில் நீதிபதிகளுக்கு மட்டும் காட்டப்பட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆதாரம் எதுவுமின்றி தேச பாதுகாப்பு என்ற வாதத்தை முன்வைக்க முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. நீதிமன்றத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் நாடாளுமன்றக் குழுவுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

பிரிட்டனில் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க 1994 முதலே சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. 2013இல் அது நாடாளுமன்றக் குழுவாக்கப்பட்டது. அமெரிக்க செனட் 1976இலேயே இதற்கென நிரந்தரக் குழு அமைத்தது. அதனால் அந்நாடுகளில் தவறே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. நம் நாட்டில் ஐ.பி., ரா ஆகியவற்றைக் கண்காணிக்க அப்படியொரு தனிக்குழு இல்லை. 2011இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

நாம் செய்ய வேண்டியது

நம் எம்.பி. யார் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் சங்ககிரி நாமக்கல் தொகுதியிலும், மேட்டூர் தருமபுரியிலும், ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு கள்ளக்குறிச்சியிலும் வருகின்றன. நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம் ஈரோடு தொகுதியில் இருக்கிறது.

ஜமாஅத் சார்பில் எம்.பி.யைச் சந்திக்கும்போது கபரஸ்தான், சாலை, ரேஷன் கடை கோரிக்கைகளோடு இவற்றையும் கேட்போம்: நீங்கள் எந்த நிலைக்குழுவில் இருக்கிறீர்கள்? கூட்டங்களுக்குப் போகிறீர்களா? விதி 270இன் விலக்கைத் திருத்தவும், உளவு அமைப்புகளைக் கண்காணிக்கத் தனிக்குழு அமைக்கவும் குரல் கொடுப்பீர்களா? எம்.பி. ஒருவரின் மேலொப்பத்துடன் மக்களவைக்கு மனு அளிக்கவும் நமக்கு வழி இருக்கிறது.

பதவி ஓர் அமானிதம். அமானிதத்தை ஒப்படைத்தவர்கள் கணக்குக் கேட்பது தேசத் துரோகமாகாது. பிறரைத் துருவித் துருவி வேவு பார்ப்பதைத் தடுக்கும் மார்க்கம் (திருக்குர்ஆன் 49:12) நம்முடையது. அந்த வரம்பு மீறப்பட்டதா என்று கேட்பதும், அதை முறையான இடத்தில், முறையான வழியில் கேட்பதும் நம் கடமை.