மாறியின் பெயர் நீண்டால் நிரல் மெதுவாகுமா?

"மாறிக்கு எதற்கு இத்தனை நீளமான பெயர்? நிரல் மெதுவாகிவிடும்." கணினி கற்பவர்களிடையே உலவும் இந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது.

1982-இல் வந்த வீட்டுக் கணினி கமடோர் 64. அதன் பேசிக் இன்டர்பிரெட்டர், நிரல் ஓடும்போதுதான் வரிகளைப் படிக்கும். ஒரு லூப் ஆயிரம் முறை சுற்றினால், அதற்குள் இருக்கும் மாறியின் பெயரையும் ஆயிரம் முறை எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். வேதனை என்னவென்றால், அது பொருட்படுத்துவது முதல் 2 எழுத்துகளை மட்டுமே. மற்றவற்றைப் படித்துவிட்டுத் தள்ளிவிடும். ஆங்கிலத்தில் 'பிரைஸ்', 'பிராஃபிட்' என்று இரண்டு மாறிகள் வைத்தால், இரண்டும் அதற்கு ஒன்றுதான். விலையை மாற்றினால் லாபமும் மாறிப்போகும்! போதாக்குறைக்கு, பேசிக் நிரலுக்குக் கிடைத்த இடமே 38,911 பைட். பெயரின் ஒவ்வொரு எழுத்தும் அதில் ஒரு பைட்டைத் தின்றது. அன்றைய நிரலாளர்கள் ஓரெழுத்துப் பெயர்களால் காலம் தள்ளியதில் வியப்பில்லை.

சி போன்ற மொழிகளில் கதையே வேறு. நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் மாறிகளை மெமரி முகவரிகளாகவும் ரிஜிஸ்டர்களாகவும் மாற்றிவிடுகிறது. பிழை தேடுவதற்காகப் பெயர்களைக் கோப்பில் விட்டுவைத்தாலும் கோப்பு பெருக்குமே தவிர, ஓட்டம் தளராது.

பைத்தான்? அதுவும் இன்டர்பிரெட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது நிரலை முதலில் பைட்கோடு என்ற இடைநிலை வடிவமாக மாற்றிக்கொள்கிறது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளுக்கு வரிசை எண் கொடுத்துவிடுகிறது. ஓடும்போது எண்ணை வைத்தே எடுக்கிறது. வெளியே இருக்கும் குளோபல் மாறிகளை மட்டும் பெயரைச் சொல்லி அகராதியில் தேடுகிறது. அங்கும் பெயரின் ஹாஷ் எண்ணை ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துக்கொள்வதால் நீளம் குறுக்கே வருவதில்லை. வேகம் வேண்டுமென்றால் லூப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் வையுங்கள், பெயரை வெட்டாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களைச் சுருக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நிரல் எழுத்துவடிவிலேயே இணையத்தில் பயணிப்பதால், சுருக்கினால் சீக்கிரம் வந்து சேரும். அந்த வேலையை மினிஃபையர் என்ற கருவி செய்துவிடும். எழுதுபவர் முழுப்பெயரையே வைக்கலாம்.

பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மாதவட்டி' என்ற மாறி யுடிஎஃப்-8 கோப்பில் 24 பைட் பிடிக்கும். கணக்கு ஓடும் வேகமோ, 'வ' என்று வைத்திருந்தால் கிடைக்கும் அதே வேகம்தான்.