சரிவே சுமையாகும் இடம்: கொல்லிமலையில் ஓட்டமும் எடையும் கலந்த சுற்றுப் பயிற்சி

ஓட்டமும் எடையும் ஒரே சுற்றில்

ஓடி முடித்த மூச்சு அடங்கும் முன்பே எடையைத் தூக்குவதும், எடையைக் கீழே வைத்ததும் மறுபடி ஓடுவதுமாகத் தொடர்வது தீவிரச் சுற்றுப் பயிற்சி. ‘சர்க்யூட்’ என்ற முறையை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆண்டர்சன் என்ற இருவர் 1953இல் வகுத்தனர். இன்று அதற்குப் பல வடிவங்கள். கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறையில் ‘ஹெலன்’ என்று அழைக்கப்படும் பயிற்சியில் 400 மீட்டர் ஓட்டம், ஆண்களுக்கு கெட்டில்பெல் என்ற கைப்பிடி வைத்த 24 கிலோ இரும்புக் குண்டை 21 முறை வீசுதல், 12 புல்அப் என மூன்று சுற்றுகளை எவ்வளவு விரைவாக முடிக்க முடியுமோ அவ்வளவு விரைவாக முடிக்க வேண்டும். ஜெர்மனியில் 2017இல் உருவான ஹைராக்ஸ் போட்டியில் ஒரு கிலோமீட்டர் ஓட்டமும் ஒரு வலுப் பயிற்சியும் எட்டு முறை மாறி மாறி வரும். 2025இல் அது மும்பைக்கும் வந்துவிட்டது.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் இதற்கு ஜிம் தேவையில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையும், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளும் எடையின் வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. தன் உடல் எடையையே மேட்டில் ஏற்றுபவர் முதுகில் தனியாக மூட்டை சுமக்க வேண்டியதில்லை.

உடலுக்குள் நடப்பது

ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. கடும் உழைப்பில் அது ஐந்தில் நான்கு பங்காகிறது. முதல் சில நொடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற ஆற்றல் சேமிப்பு போதும். அதன்பின் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும் வழி வேகமெடுக்கிறது. தொடை எரிவதும் மூச்சு வாங்குவதும் அப்போதுதான்.

இந்த நிலையில் எடையைத் தூக்குவதுதான் சுற்றுப் பயிற்சியின் பலம். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வதால் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது உதவும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. களைப்பில் பலரும் தம் பிடித்துக்கொண்டு எடையைத் தூக்குவார்கள். அந்த நொடிகளில் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது, பார்ப்பதற்கு அழகான அசைவைவிட முக்கியம்.

மலைக்காற்று செய்யும் மாயம்

கொல்லிமலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. உடல்நலம் உள்ளவர் நடக்கும்போது இதை உணரமாட்டார். முழு வேகத்தில் ஓடினால் தெரியும்: நாமக்கல் மைதானத்தில் எளிதாக வந்த வேகம் மலைமேல் உள்ள செம்மேட்டில் மூச்சிரைக்க வைக்கும். குளிர்ந்த காற்றில் வியர்வை சட்டென்று உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் வெளியேறியது என்பதும் தெரியாது. தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுச் செல்வது வழக்கமான தவறு.

இறங்கிவிட்டு ஏறும் படிகள்

அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. மற்ற மலைகளில் ஏற்றம் முதலில் வரும். முடியாதவர் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். இறங்கிவிட்டவருக்கு ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இறங்கும்போது மூச்சு வாங்காததால் அது சுலபம் என்று தோன்றும். உண்மையில், ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகி, உடல் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்களை அதிகம் உண்டாக்குவது இந்த வகை உழைப்புதான். அருவிக்குக் கீழே நிற்கும்போதே முழங்கால்கள் வெடவெடப்பது அதன் அடையாளம். ஏறத் தொடங்கியதும் இதயத்தின் முறை வருகிறது. பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பவர் சோம்பேறி அல்ல, சரியாகச் செய்பவர். இதே படிகளை நேரம் பார்த்து ஓடி ஏறுவது, அதுவும் சாரலில் நனைந்த நாளில், பழகியவருக்கும்கூட ஏற்றதல்ல. வழியில் ஒருவர் சரிந்தால் அவரை ஆட்கள் தூக்கிக்கொண்டுதான் மேலே வர வேண்டும்; ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான்.

தொடங்குவோருக்கு

சமமான சாலையில் தொடங்குவதே நல்லது. பத்து நிமிட விறுவிறு நடை, பிறகு 200 மீட்டர் மெதுவோட்டம், 10 பஸ்கி, திண்ணையில் கையூன்றி 10 தண்டால், இரு கையிலும் 5 கிலோ அரிசிப் பையோடு 20 மீட்டர் நடை. இரண்டு நிமிடம் ஓய்ந்து, இதை மூன்று சுற்று செய்யலாம். வாரம் இரு முறை போதும். இடையில் இரண்டு நாள் இடைவெளி வேண்டும். சரிவைச் சில வாரங்களுக்குப் பிறகு சேர்க்கலாம், எடை இல்லாமல். சுற்றின்போது ஓரிரு சொல்லாவது பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். 220லிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணக்கிடுவது உத்தேசமானதே. இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடி வழக்கமான அளவுக்கு உயராது என்பதால் அந்தக் கணக்கே பொருந்தாது.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு, அல்லது அதைப்போல இரு மடங்கு நேரம் மிதமான உழைப்பு. இரண்டு நாள் தசைப் பயிற்சி அதற்கு மேல். மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே இதை முடித்துவிட நினைப்பவர்கள்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார வேண்டும். 108ஐ அழைக்க வேண்டும். இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நாற்பது வயதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர்களும் முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இயல்பு. வலி தாங்க முடியாமல் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது வேறு. சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. அப்போது கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போய், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) அளவையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும்.