மாங்குளத்துச் சரக்குப் புகையிரதம் நமது நெல்லுக்குக் கட்டுப்படியாகுமா?

வடபகுதிப் புகையிரதப் பாதை மீளப் போடப்பட்டுவிட்டது. அப்படியிருக்க முள்ளியவளை நெல் ஏன் இன்னும் லொறியிலேயே போகிறது என்று நமது கமக்காரர் கேட்பதில் நியாயமுண்டு. ஆனால் பதில் கட்டணத்தில் மட்டும் இல்லை.

1905இல் காங்கேசன்துறை வரை எட்டிய இப்பாதைக்கு நல்ல சரக்கு கிடைத்தது 1950இல் அங்கு சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர்தான். ஒரே இடத்தில் ஏற்றும் பாரம், வருடம் முழுவதும் கிடைக்கும் பாரம். சரக்கு வண்டிக்கு இலாபம் தருவது இதுவே. 1990இல் போரினால் வவுனியாவுக்கு வடக்கே வண்டிகள் நின்றன, தொழிற்சாலையும் நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியக் கடனுதவியுடன் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி திரும்பியது. சீமெந்து ஆலை திரும்பவில்லை.

இனி நமது கணக்கைப் பார்ப்போம். முல்லைத்தீவு வீதியில் மாங்குளம் நமக்கு ஏறக்குறைய 45 கிலோமீற்றர். லொறியென்றால் களத்தடியில் ஒருமுறை ஏற்றி, கடையடியில் ஒருமுறை இறக்கினால் வேலை முடிந்தது. புகையிரதத்துக்கோ இங்கே ஏற்றி, மாங்குளத்தில் இறக்கி, பெட்டியில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, மறுபடி லொறியில் ஏற்றி, பின்னும் இறக்கவேண்டும். இரண்டு கைக்குப் பதில் ஆறு கை! மிச்சமாகும் டீசல் செலவு அந்த நான்கு கூலியையும் முதலில் ஈடுசெய்ய வேண்டும். கிழியும் மூடை, சிந்தும் நெல் வேறு. தம்புள்ளைச் சந்தைக்கும் மரந்தகஹமுல அரிசிச் சந்தைக்கும் தண்டவாளமே இல்லை.

பாரம் போதாது என்பதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம். 65 கிலோ மூடைகள் மூவாயிரம் என்றால் ஏறக்குறைய இருபது லொறிப் பாரம். ஏக்கருக்கு 25 மூடை விளைந்தாலும் 120 ஏக்கர் போதும். தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழேயே அதைச் சேர்க்கலாம். சிக்கல் என்னவெனில், பெரும்போக நெல் மாசி, பங்குனியில் ஒன்றாக வந்து குவிகிறது. பிறகு பெட்டிகள் வெறுமையாக நிற்கும். வண்டிக்காரருக்கு அது நட்டம். கமக்காரருக்கும் அதே வாரங்களில்தான் விலை விழுகிறது, கடன்காரரும் வாசலில் நிற்கிறார்.

ஆகவே வண்டியைக் கேட்குமுன் களஞ்சியத்தைக் கேட்கவேண்டும் என்பது நமது எண்ணம். மாங்குளத்தில் தண்டவாளத்தோடு ஒட்டிய ஒரு களஞ்சியம். ஈரப்பதன் 14 வீதத்துக்குக் காய்ந்த நெல். அதை ஈடாக வைத்துச் சங்கம் கொடுக்கும் முற்பணம். அப்படியானால் நெல் மாதாமாதம் போகலாம், ஒரு கை வேலையும் குறையும். வடக்கே வரும் பெட்டிகளில் பசளையும் சீமெந்தும் வந்தால், திரும்பும் வழிக் கூலியை நெல் மட்டும் சுமக்கவேண்டியதில்லை. (மீனை இக்கணக்கில் சேர்க்கவில்லை; ஐஸ் உருகுமுன் அது லொறியில் போவதே நல்லது.)

பாதை ஒற்றைப் பாதை. பிரயாணிகள் வண்டிக்கே முதலிடம். எனவே சங்கங்கள் தினசரி வண்டி கேட்பது வீண். வாரத்தில் ஒரு குறித்த நாள், இரவில் பாரமேற்ற ஒரு பக்கத் தண்டவாளம், மழைக்கு ஒரு கூரை என்று எழுதிக் கேட்கலாம். அதற்குமுன் ஒவ்வொரு சங்கமும் மாதம் எத்தனை மூடை தரமுடியும் என்பதை எண்ணி எழுதி வைத்திருக்கவேண்டும். புகையிரதத் திணைக்களம் முதலில் கேட்கக்கூடியது அந்தத் தாளைத்தான்.