உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலி கரண்டில் 4,000 கம்ப்யூட்டர்!

கம்மாபுரம் வாசகர்களே, முதல் துணுக்கு உங்களுக்குத்தான்! 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் குடித்தது தெரியுமா? 150 கிலோவாட்! ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு!

உங்கள் பக்கத்து ஊர் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம், ஓடிய காலத்தில், 600 மெகாவாட். வகுத்துப் பாருங்கள். மிச்சமே இல்லாமல் 4,000 எனியாக்! அத்தனையும் நம்ம பழுப்பு நிலக்கரியில்!

அந்த நிலையத்தின் முதல் யூனிட் 1962-இல் ஓடத் தொடங்கியது. வெறும் 50 மெகாவாட். அதுவே 333 எனியாக்குக்குப் போதும்! மிச்சம் 50 கிலோவாட் வேறு இருக்கும். அதில் ஊர்த் தெருவிளக்கை எரித்துக்கொள்ளலாம்!

நெய்வேலி நிறுவனம் பிறந்தது 1956 நவம்பரில். அதற்கு இரண்டே மாதம் முன்புதான் ஐ.பி.எம். தன் முதல் ஹார்டு டிஸ்க்கை அறிவித்தது. 24 அங்குலத் தட்டுகள், ஒன்றல்ல, 50! எடை ஒரு டன்னுக்கு மேல்! உள்ளே அடங்கியது 50 லட்சம் எழுத்துகள் மட்டும். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றிரண்டு போட்டால் நிரம்பிவிடும். மாத வாடகை? 3,200 டாலர்!

இந்தியா தானே செய்த முதல் பெரிய கம்ப்யூட்டர் டிஃப்ராக். 1960-இல் மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இயங்கத் தொடங்கியது. அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன்! நம்ம ஆள்!

டிஃப்ராக்கின் வயிற்றைத் திறந்தால் என்ன இருந்தது? 2,700 வால்வு, 1,700 டையோடு, 12,500 ரெசிஸ்டர்! இவ்வளவையும் கோத்து முடித்த பிறகு கிடைத்த நினைவகம் எவ்வளவு? 40 பிட் கொண்ட சொற்கள் 2,048. பெருக்கிப் பாருங்கள். மொத்தமே 10 கிலோபைட்!

பெயர் வைத்தவர் சாதாரண ஆள் இல்லை. பிரதமர் நேருவே 1962-இல் சூட்டினார்! அதுவரை இரண்டு வருஷம் பெயரில்லாமலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது!

டிஃப்ராக் ஓடத் தொடங்கிப் பதினோரே வருஷம் கழித்து, 1971-இல், இன்டெல் 4004 சில்லு வந்தது. 2,300 டிரான்சிஸ்டர். சில்லின் நீளம் 4 மில்லிமீட்டர், அகலம் 3 மில்லிமீட்டர்! ஓர் அறையை அடைத்த சமாசாரம், சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிட்டது!

கிண்டி பற்றி இன்னொன்று. கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதைப் பெற்ற முதல் ஆசியர் ராஜ் ரெட்டி. வருஷம் 1994. அவர் 1958-இல் பட்டம் வாங்கியதும் கிண்டியில்தான். பாடம் என்ன? சிவில் இன்ஜினீயரிங்!

இந்தியாவில் கம்ப்யூட்டர் சயின்ஸைப் படிப்பாகவே முதலில் ஆரம்பித்தவர் வி. ராஜாராமன். 1965, கான்பூர் ஐ.ஐ.டி. பிறந்த ஊர் ஈரோடு! அவருடைய மாணவர்களில் ஒருவர், இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி!

சென்னையில் ரேடியோ எப்போது வந்தது? ஆல் இந்தியா ரேடியோ வந்த 1938 என்பீர்கள். தப்பு! 1924 ஜூலை 31-ஆம் தேதியே மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. முன்னால் நின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஆகிற கரண்ட்! காசில்லாமல் 1927-இல் கிளப் மூடப்பட்டது. 1930-இல் சென்னை மாநகராட்சியே அந்த வேலையைக் கையில் எடுத்தது. ரேடியோ நடத்திய கார்ப்பரேஷன்!

அதே ஜூலை 31, 1995. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு! கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். ரேடியோவுக்கும் செல்போனுக்கும் ஒரே பிறந்த நாள், நடுவில் 71 வருஷம்!

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1941-இல் என்ன அறிவித்தார் தெரியுமா? ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்றார்! பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்!

இப்போது ஓட்டு மிஷின். இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லியாக வேண்டும். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த மிஷினின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்தவர் எஸ். ரங்கராஜன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். யாரென்று தெரியவில்லையா? நம்ம எழுத்தாளர் சுஜாதா! 

மிஷின் முதலில் இறங்கியது 1982-இல், கேரளாவின் பரவூரில். 50 வாக்குச்சாவடி. சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். மிஷினுக்குச் சட்டத்தில் இடமில்லை, பழைய சீட்டிலேயே திரும்ப நடத்துங்கள் என்றது சுப்ரீம் கோர்ட். நடத்தினார்கள். மிஷினில் ஜெயித்தவர் சீட்டில் தோற்றார்!

கரண்டே போகாத ஊர் அதற்குத் தேவையில்லை. பேட்டரியில் ஓடும்! நிமிஷத்துக்குச் சில ஓட்டுக்கு மேல் வாங்காது. கள்ள ஓட்டுப் போட வருகிறவரும் வரிசையில் மெதுவாகத்தான் குத்த வேண்டும்!

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் மிஷின்தான். ஐந்து வருஷம் முன்பே வந்திருந்தால்? 1996-இல் மொடக்குறிச்சியில் நின்றவர்கள் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள்! ஒரு பெட்டியில் 16 பெயர் என்று வைத்தால், ஒரு சாவடிக்கு 65 பெட்டி வேண்டும்! புதிய மாடல் மிஷினில் அதிகபட்சம் எத்தனை பெட்டி கோக்கலாம்? 24!

தமிழ் டைப்ரைட்டரைக் கண்டுபிடித்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. மிஷின் செய்யப்பட்டதோ ஜெர்மனியில்!

தமிழில் 247 எழுத்து. தமிழ்99 விசைப்பலகையில் அதற்கு எத்தனை விசை? 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். 31! உயிரெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ. நாலே தட்டு! இப்படி ஒரே மெய் இரட்டித்து வந்தால் புள்ளியை நீங்கள் வைக்கவே வேண்டாம், தானாக வந்து உட்காரும்! 1999-இல் வந்தது. இன்னும் தங்கிலீஷில் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது!

ஆப்பிள் போனிலும் மேக்கிலும் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று ஓர் எழுத்துரு இருக்கும். அந்த எம்.என். யார்? மலேசியாவின் முத்து நெடுமாறன்! வங்காளம், மலையாளம், சிங்களத்துக்கும் அதே எம்.என். எழுத்துரு இருக்கிறது. ஒரு தமிழர் வரைந்த எழுத்தில் கொல்கத்தா செய்தி படிக்கிறது!

அவருடைய 'முரசு' மென்பொருள் வந்தது 1985-இல். விண்டோஸின் முதல் பதிப்பு வெளியானதும் அதே 1985!

தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிய மதுரைத் திட்டம் மதுரையில் தொடங்கவில்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த கே. கல்யாணசுந்தரம் தொடங்கியது!

சென்னை ஐ.ஐ.டி.யின் சொந்த பிராசஸர் சக்தி. வீ. காமகோடி தலைமை. 2018-இல் வந்த முதல் தொகுதியில் 300 சில்லு. வரைந்தது அடையாறு பக்கம், வார்த்தது அமெரிக்காவில் இன்டெல் ஆலையில்! அதே வருஷம் இன்னொரு சக்தி சில்லை சண்டிகரிலேயே செய்து காட்டினார்கள்!

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். இன்டர்நெட் போக? கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம்! 2020 ஆகஸ்ட்டில் திறந்த கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர்!

கடைசியாக ஒரு கணக்கு. உலகக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான எழுத்துப் பட்டியல் யூனிகோடு. 2019-இல் அதில் தமிழுக்கு என்று புதிதாக 51 குறிகள் சேர்ந்தன. உழக்குக்கு ஒன்று, ஆழாக்குக்கு ஒன்று, நன்செய்க்கு ஒன்று, புன்செய்க்கு ஒன்று, உப்பளத்துக்கு ஒன்று, 'வகையறா'வுக்குக்கூட ஒன்று! தாத்தாவின் நிலப்பத்திரத்தில் இருக்கிற கிறுக்கல்களெல்லாம் இப்போது உலகத் தரம்! 1/320 என்ற முந்திரியும் அதில் உண்டு. அதற்கும் கீழே இறங்க 'கீழ்' என்று தனிக்குறி ஒன்றும் உண்டு. முந்திரியில் ஒரு முந்திரி, அதாவது கீழ்முந்திரி எவ்வளவு தெரியுமா? 1,02,400-இல் ஒரு பங்கு!