பேப்பர் இலவசம்னா, காசு யார் கட்டுறாங்க?

லிட்ரேச்சர் சர்வேக்கு உட்காருவீங்க. உங்க ப்ராஜெக்ட்டுக்குன்னே எழுதின மாதிரி ஒரு பேப்பர் மாட்டும். கிளிக் பண்ணினா அப்ஸ்ட்ராக்ட் மட்டும்தான் வரும்; மீதிக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும். இதில் வேடிக்கை என்னன்னா, அந்தப் பேப்பரை எழுதினவருக்கும் சரி, சரிபார்த்த ரிவ்யூவருக்கும் சரி, அந்தப் பணத்தில் பொதுவா ஒரு பைசாகூடப் போறதில்லை.

இந்தக் கதவைத் திறக்கும் முயற்சிக்குப் பெயர்தான் ஓப்பன் ஆக்சஸ். 2002இல் வந்த புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இரண்டு வழிகள் சொன்னது.

முதல் வழி பச்சை. ஜர்னல் எங்கே வந்தாலும், ஆசிரியரே தன் பிரதியை ஒரு களஞ்சியத்தில் போட்டுவிடுவார். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் இதற்குப் பெரிய உதாரணம். ஆனா அங்கே இருப்பதில் பல, ரிவ்யூ ஆகாத பிரதிகள். சைட் பண்ணும்போது கவனம்.

இரண்டாவது தங்கம். ஜர்னலே எல்லாருக்கும் திறந்திருக்கும். பல இடங்களில் செலவை எழுதுபவர் கட்டணும். நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு பேப்பருக்கு 9,500 யூரோ! நம்ம டிபார்ட்மென்ட் பட்ஜெட்டை நினைச்சுப் பாருங்க. படிக்க முடியாதவன் வெளியே நின்ற நிலை போய், எழுத முடியாதவன் வெளியே நிற்கிறான். சந்தா ஜர்னலில் ஒரு பேப்பரை மட்டும் காசு கட்டித் திறக்கும் ஹைபிரிட் முறை இன்னும் மோசம்: லைப்ரரியும் கட்டுது, ஆசிரியரும் கட்டுறார்.

எனக்குப் பிடித்தது வைரம். படிக்கவும் காசில்லை, போடவும் காசில்லை. 2001இல் 'மெஷின் லேர்னிங்' என்ற சந்தா ஜர்னலின் எடிட்டோரியல் போர்டிலிருந்து நாற்பது பேர் ராஜினாமா செய்து, ஜேஎம்எல்ஆர் என்ற இலவச ஜர்னலுக்கு ஆதரவு தந்தார்கள். இன்று எம்எல் படிக்கிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது.

தங்கத்தின் நிழலில்தான் போலிகள் வளர்கின்றன. 'இன்டர்நேஷனல் ஜர்னல், மூணே நாளில் பப்ளிகேஷன், 1,500 ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில் வரும்ல, அதேதான். மூணு நாளில் யார் ரிவ்யூ பண்ணுவா? டிஓஏஜே பட்டியலில் அந்தப் பெயர் இருக்கான்னு முதலில் பாருங்க. 'யூஜிசி கேர்' என்று முத்திரை காட்டினால் மயங்க வேண்டாம். அந்தப் பட்டியலையே யூஜிசி 2025இல் கைவிட்டுவிட்டது.

'அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்துடுச்சே' என்பீங்க. 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். பெரிய விஷயம்தான். ஆனா அது ஓப்பன் ஆக்சஸ் இல்லை, மொத்தமாக் கட்டிய சந்தா. முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். அரசுக் கல்லூரி நண்பனுக்குத் திறக்கும் பேப்பர், தனியார் கல்லூரியில் இருப்பவருக்குத் திறக்காது.

அதனால அடுத்த தடவை பூட்டு தெரிஞ்சா, கூகுள் ஸ்காலரில் அந்தப் பேப்பருக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்துங்க. பச்சைப் பிரதி அங்கே ஒளிஞ்சிருக்கலாம். அன்பேவால் எக்ஸ்டென்ஷனும் அதே வேலையைச் செய்யும். ரெண்டும் கைவிட்டா, ஆசிரியருக்கே நாலு வரி மெயில் போடுங்க. நிறைய பேர் சந்தோஷமா அனுப்பி வைப்பாங்க. நீங்களே பேப்பர் போட்டால், அக்செப்ட் ஆன உங்க வேர்ட் ஃபைலை அழிச்சிடாதீங்க. பல பதிப்பகங்கள் களஞ்சியத்தில் போட அனுமதிப்பது அதைத்தான், அவர்கள் அச்சுக்கோத்த பிடிஎஃப்பை அல்ல.