போட்டி அறிவிப்பும் வகைமை இலக்கணமும்: தமிழ் அறிவியல் புனைகதைப் போட்டிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல் புனைகதை, மிகுபுனைவு போன்ற சிறு வகைமைகளில் எழுதுவோரும் படிப்போரும் இன்று பெரும்பாலும் இணையவெளியிலேயே கூடுகின்றனர். அத்தகைய குழுவினர் நடத்தும் சிறுகதைப் போட்டியின் அறிவிப்பு, விதிகள், நடுவர் உரை ஆகியன அவ்வகைமைக்கு இலக்கணம் வகுக்கும் பனுவல்களாகச் செயற்படுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறுகதைப் போட்டி, வகைமை, அறிவியல் புனைகதை, நடுவர், காரணிகன், இணைய இதழ்.

முன்னுரை

இலக்கியம் முன், இலக்கணம் பின் என்பது தமிழ் மரபு ஏற்றுக்கொண்ட வரிசை. சிறுகதைப் போட்டியில் இவ்வரிசை தலைகீழாகிறது. கதை எழுதப்படுவதற்கு முன்பே அதன் அளவு, பொருள், எழுதுவோர் தகுதி, விலக்கப்படும் கூறுகள் ஆகிய அனைத்தும் ஓர் அறிவிப்பில் வரையறுக்கப்படுகின்றன. வெகுசன இதழ்களின் போட்டிகளில் இதன் விளைவு பெரிதாகத் தெரிவதில்லை. சமூகக் கதையோ குடும்பக் கதையோ எது என்பதில் எழுதுவோருக்கு ஐயமில்லை. முன்மாதிரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆண்டுக்குச் சில கதைகளே வெளிவரும் ஒரு வகைமையில் நிலைமை வேறு. அங்கே போட்டி அறிவிப்பைப் படித்துத்தான் பலர் அவ்வகைமை இன்னது என முதன்முதலாக அறிகின்றனர்.

போட்டி சிறுகதையாளரை உருவாக்கியதற்குத் தமிழில் பழைய சான்று உண்டு. பி.எஸ். ராமையாவின் ‘மலரும் மணமும்’ 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய போட்டிக்கென எழுதப்பட்ட கதை. அவரே பின்னர் 1935இல் சிறுகதை இதழாக உருமாறிய மணிக்கொடியின் ஆசிரியரானார். வெகுசன இதழின் போட்டி வழியாக எழுத வந்தவர், அவ்விதழுக்கு மாற்றாகக் கருதப்பட்ட ஓர் இயக்கத்தை நடத்தினார் என்பதை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அறிவிப்பு வகுக்கும் எல்லை

அறிவியல் புனைகதைக்கென்றே தோன்றிய முதல் ஆங்கில இதழாகக் கருதப்படும் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’, 1926 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் இதழிலேயே அதன் ஆசிரியர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ஒரு போட்டியை அறிவித்தார். அட்டையில் பிராங்க் பால் வரைந்த ஓவியம்; வானில் தூக்கிச் செல்லப்படும் கடற்கப்பல் ஒன்று அதில் இருந்தது. அவ்வோவியத்துக்குப் பொருந்தும் கதையை வாசகர் எழுத வேண்டும். மொத்தப் பரிசு 500 டாலர். ஏறத்தாழ 360 கதைகள் வந்தன. மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ் என்னும் பெண். 1927 ஜூன் இதழில் அக்கதையை வெளியிட்ட ஆசிரியர், பெண்ணொருவர் பரிசு பெற்றதை எதிர்பாராத நிகழ்வாகவே குறித்தார். எனினும் விதிகளில் பெண்களுக்குத் தடை இல்லை. ஆசிரியரின் எதிர்பார்ப்பைக் காட்டிலும் அவர் எழுதிய அறிவிப்பு அகலமானதாக இருந்தது.

இவ்வறிவிப்பு எதையும் வரையறுக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. ‘அறிவியல் புனைகதையாவது யாது’ என்று கூறாமல் ஓர் ஓவியத்தை மட்டும் தந்தது. ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்கும் தமிழ் வழக்கத்துக்கு இது நெருக்கமானது. வடிவத்தையோ கருவையோ ஒரு முனையில் கட்டிவைத்து, மற்றதைப் புலவனிடம் விட்டுவிடுவது அம்முறை.

தமிழில் 2000களின் நடுப்பகுதியில் ‘திண்ணை’ இணைய இதழும் ‘மரத்தடி’ இணையக் குழுமமும் இணைந்து அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தின. அதில் விளைந்த கதைகள் ‘எதிர்காலம் என்று ஒன்று’ என்னும் தலைப்பில் எனி இந்தியன் பதிப்பக வெளியீடாக நூலாயின. 2008இல் சுஜாதா மறைந்தபின் அவர் நினைவாக ஆழி பதிப்பகமும் அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தியது. 2018இல் தொடங்கப்பட்ட ‘அரூ’ மின்னிதழ், 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டியை ஜெயமோகனை நடுவராகக் கொண்டு நடத்தியது. இம்மூன்று முயற்சிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ‘என் இனிய இயந்திரா’ போன்ற தொடர்கதைகள் வழியாகச் சுஜாதா என்னும் ஒரே பெயரோடு இணைத்து அறியப்பட்ட வகைமையைப் பலர் எழுதும் வகைமையாக மாற்ற இவை முயன்றன. வார இதழ்த் தொடர்கதை செய்ய இயலாத பணி இது. தொடர்கதை வாசகரைப் பெருக்கும். எழுதுவோரைப் பெருக்க அழைப்பு வேண்டும்.

எவற்றை ஏற்பதில்லை என்று கூறும் விலக்கு விதிகளை எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. இக்கட்டுரையாளர் வாழும் காரைக்காலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். மிகுபுனைவுப் போட்டியொன்றில் ‘பேய்க்கதைகள் ஏற்கப்படா’ என ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். மலிவான திகில் கதைகளைத் தவிர்ப்பதே அதன் நோக்கமாக இருக்கும். ஆனால், தன்னைப் பேயாகவே பாடிக்கொண்ட அம்மையாரின் ஊரில், ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா காணும் மக்களிடையே, பேய் என்பது திகிலுக்குரிய சொல் மட்டும் அன்று. தெய்வத்தை அணுகும் ஒரு வடிவமும் ஆகும். அம்மரபிலிருந்து எழுதப்படும் கதையையும் அவ்விதி வாயிலிலேயே திருப்பி அனுப்பும். மேலைநாட்டு வகைமைப் பெயர்களை அப்படியே பெயர்த்து விதியாக்கும்போது இத்தகைய இழப்புகள் அறியாமலே நேர்கின்றன.

தகுதி விதியும் இவ்வாறே. ‘தமிழ்நாட்டில் வசிப்போர் மட்டும்’ என ஒரு விதி எழுதப்படுமாயின், வடக்கே பூவத்துக்கும் தெற்கே வாஞ்சூருக்கும் இடைப்பட்ட காரைக்கால் பகுதியினர் விலக்கப்படுவர். நாகூரில் இருப்பவர் எழுதலாம். அடுத்துள்ள வாஞ்சூரில் இருப்பவர் எழுத இயலாது. விதியை எழுதியவர் புதுவை ஒன்றியப் பகுதியை எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார். இணையத்தில் கூடும் வாசகர்களுக்கு நிலவெல்லை பொருளற்றது எனினும், பரிசு தருவோரின் நிதி மூலம் நிலவெல்லையை மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது. மொழியைத் தகுதியாக வைப்பதே இவ்வகைப் போட்டிகளுக்குப் பொருந்தும்.

சொல்லெண்ணிக்கைச் சிக்கல்

‘கதை 2000 சொற்களுக்குள் அமைதல் வேண்டும்’ என்னும் விதி ஆங்கிலப் போட்டிகளிலிருந்து வந்தது. அச்சிதழ்க் காலத்தில் தமிழில் பக்க அளவே பெரிதும் கூறப்பட்டது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொல் எது என்பதே இலக்கணச் சிக்கல். ‘வந்துகொண்டிருந்தான்’ என எழுதினால் கணினி ஒன்றெனக் கொள்ளும். ‘வந்து கொண்டு இருந்தான்’ எனப் பிரித்தால் மூன்று. துணைவினைகளையும் இடைச்சொற்களையும் சேர்த்தெழுதும் பழக்கமுடையவர், பிரித்தெழுதுபவரைவிட நீண்ட கதையை அதே எல்லைக்குள் அனுப்ப இயலும். வரம்பை மீறிய கதையைச் சேர்த்தெழுதியே வரம்புக்குள் கொண்டுவருதலும் கூடும்.

எழுத்தெண்ணிக்கை இதற்கு மாற்றாகத் தோன்றலாம். அதிலும் ஒரு தடை உள்ளது. ‘போட்டி’ என்பது இலக்கணப்படி மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியில் மெய்வரியும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஆறாகிறது. கணினி காட்டும் எண்ணும் தொல்காப்பியர் எழுத்தென்று கூறுவதும் வேறு வேறு. ஆகவே எந்த மென்பொருளின் எண்ணிக்கை ஏற்கப்படும் என்பதை விதியிலேயே குறிப்பதும், எல்லைக்கு அப்பால் பத்திலொரு பங்கு நெகிழ்வு தருவதும் நடைமுறைக்கு உகந்தவை. சிறிய செய்திதான், ஆயினும் தள்ளப்பட்டவர் முதலில் கேள்வி எழுப்புவது இதைப் பற்றியே.

காரணிகன்

நடுவர் பற்றித் தமிழ் மரபில் இரு கதைகள் உள்ளன. ஒன்று அனைவரும் அறிந்தது. பாண்டியனின் ஐயம் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி, தருமி கொண்டுவந்த பாடல், நக்கீரரின் மறுப்பு. திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும் இந்நிகழ்ச்சியைப் போட்டியின் நோக்கில் படித்தால் இன்றைய வினாக்கள் இரண்டு அதில் உள்ளன: அனுப்பியவரே எழுதியவரா? பிழை என்பது வடிவிலா, பொருளிலா? நக்கீரர் கேட்டது பொருட்பிழை. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பது இன்றைய சொல்லில் ஓர் அறிவியல் வினாவே. அறிவியல் புனைகதைப் போட்டியின் நடுவருக்கும் இதே இடர் நேரும். கதையில் இயற்பியல் பிழைபட்டால் கதை வீழுமா, அன்றிக் கற்பனையின் உரிமை என விடப்படுமா? இதற்கு நடுவர் எத்தகைய விடையும் கூறலாம்; அவ்விடை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மற்றது இறையனார் களவியல் உரையில் வருவது. களவியல் நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை எனத் துணிய அவர்களுக்கு ஒருவர் தேவைப்பட்டார். அவரைக் ‘காரணிகன்’ என்கிறது அவ்வுரை. காரணிகனாக அமைந்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன். மருதன் இளநாகனாரின் உரையைக் கேட்கையில் ஒரோவழி மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்தான். புலவர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர், ஒவ்வொருவரும் போட்டியாளர். அவைக்கு வெளியிலிருந்து, புகழோ பகையோ அறியாத ஒருவன் வரவேண்டியிருந்தது. அவன் காரணம் கூறவில்லை என்பதையும் மறத்தற்கில்லை.

சிறு வகைமைப் போட்டியின் நடுநாயகமான இடர்ப்பாடு இதுவே. எழுதுவோர், படிப்போர், மதிப்பிடுவோர் ஆகிய மூவரும் ஒரே சிறு கூட்டத்தினர். பெயரை நீக்கிக் கதைகளை அனுப்பினாலும், நடையைக் கொண்டே எழுதியவரை அறிந்துவிடுவர். வெளியிலிருந்து நடுவரை அழைத்தால் வேறொரு குறை நேரும். வகைமையின் முந்தைய கதைகளை அவர் அறியார். காலப்பயணி தன் தாத்தாவையே சந்திக்கும் பழைய கருவைப் புதுமையெனக் கருதிப் பரிசளித்துவிடுவார். உள்ளிருப்பவர் ஆளை அறிவார். வெளியிலிருப்பவர் வகையை அறியார்.

இதற்கு ஏற்ற வழி இரண்டு கட்டமாகப் படிப்பதே. முதற்கட்டத்தில் வகைமை வாசகர் மூவரேனும் பெயர் நீக்கிய படிகளைத் தனித்தனியே படித்துத் தேய்ந்த கருக்களை விலக்கலாம். தேர்ந்த பத்துப் பதினைந்து கதைகளைப் புனைவுத் திறம் நோக்கி வெளிநடுவர் ஒருவர் மதிப்பிடலாம். அரூவின் 2019 நடுவர், ‘விசும்பு’ என்னும் அறிவியல் புனைகதைத் தொகுப்பும் எழுதியுள்ள நாவலாசிரியர் என்பதால் உள்ளும் புறமும் நின்று பார்க்கக்கூடியவர். அத்தகையோர் எண்ணிக்கையில் மிகச் சிலரே. ஒவ்வோர் ஆண்டும் அவர்களையே நாடினால் ஒருவரின் சுவையே வகைமையின் சுவையாகிவிடும். 1970 முதல் மாதந்தோறும் இதழ்க் கதைகளிலிருந்து சிறந்ததைத் தெரிந்தெடுத்துவந்த ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, ஆண்டின் சிறந்த கதையைத் தேர்வதற்கு வெவ்வேறு நடுவரை அமர்த்தியது. அம்முறை ஈண்டும் பின்பற்றத்தக்கது.

தருமியின் வினா இன்று புதுவடிவில் மீண்டுள்ளது. ‘கிளார்க்ஸ்வேர்ல்டு’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் பெருமளவில் குவிந்தமையால் 2023 பிப்ரவரியில் கதைகள் பெறுவதையே சிறிது காலம் நிறுத்தியது. தமிழ்ப் போட்டிகளும் இது பற்றி விதி எழுதியாக வேண்டும். பரிசுக்குரியவராகத் தேர்ந்தவரிடம் கதையின் முதல் வரைவைக் கேட்பதும் அவரோடு கதை குறித்து உரையாடுவதும் கண்டறி மென்பொருள்களை நம்புவதைவிட நேர்மையான வழிகள்.

உரிமை

‘தேர்ந்தெடுக்கப்படும் கதைகளின் உரிமை போட்டி நடத்துவோரையே சாரும்’ என்னும் தொடர் பல அறிவிப்புகளில் வழக்கமாக இடம்பெறுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்து வடிவில், உரிமையாளர் கையொப்பத்துடன் அமைந்தாலன்றிச் செல்லாது. காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு எனவும், நிலப்பரப்புக் குறிக்கப்படாவிடில் இந்தியா எனவும் அது கொள்ளும். ஆகவே அறிவிப்பின் அவ்வொரு தொடர் மட்டும் நடத்துவோருக்கு முழு உரிமையைத் தந்துவிடாது. முதல் வெளியீட்டு உரிமையும் தொகுப்பில் சேர்க்கும் இசைவும் மட்டும் கேட்பதே முறை. கதையாசிரியர் தம் கதையைப் பின்னர்த் தம் தொகுப்பில் சேர்க்க இசைவு கோரி நிற்கும் நிலை வரலாகாது.

ஆவணப்படுத்தல்

போட்டியின் முடிவில் பரிசுக் கதைகள் நூலாகின்றன. அறிவிப்பு, விதிகள், வந்த கதைகளின் பட்டியல், நடுவர் உரை ஆகியன நூலில் இடம்பெறுவது அரிது. வகைமை வரலாறு எழுதும் ஆய்வாளருக்கோ பரிசுக் கதையைவிட இவையே இன்றியமையாதவை. எந்தக் கருக்கள் மிகுதியாக வந்தன, எவை தள்ளப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்பவற்றைப் பரிசு பெற்ற கதைகளைக் கொண்டு அறிய இயலாது. 1930களின் விகடன் அறிவிப்பைக் காண விரும்புவோர், பழைய இதழ்த் தொகுதிகளைப் பேணும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றை நாடலாம். இணையவழிப் போட்டிகளுக்கு அவ்வசதி இல்லை. தமிழ் இலக்கிய உரையாடல் பல நிகழ்ந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. தனியார் எவரேனும் படியெடுத்து வைத்திருந்தாலன்றி அவற்றின் பதிவுகள் இன்று கிடைப்பதற்கில்லை. 1930களின் போட்டியைப் பற்றி அறிவது எளிதாகவும், 2000களின் போட்டியை அறிவது அரிதாகவும் உள்ள நிலை இது.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. போட்டி நடத்துவோரிடமிருந்து அறிவிப்பின் முதற்படி, தலைப்புப் பட்டியல், நடுவர் உரை ஆகிய மூன்றையும் பெற்றுத் துறை நூலகத்தில் அச்சுப்படியாகவும் மின்படியாகவும் வைக்கலாம். தள்ளப்பட்ட கதைகளை வைப்பதற்கு ஆசிரியரின் இசைவு தேவை. அதனை அனுப்புதல் படிவத்திலேயே ஒரு வரியாகக் கேட்டுவிடலாம். பெயர் வெளியிட விரும்பாதோர் கதைகளுக்கு எண் மட்டும் இட்டு வைப்பின் போதும்.